தேரை தோல் உரிப்பது நோய் அல்ல

தேரை ஒன்று முதுகைக் கூனி, வாயைத் திறந்து திறந்து மூடும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "தோல் அழுகும் நோய், மனிதருக்கும் பரவும், பார்த்தால் உப்பைக் கொட்டுங்கள்" என்று ஒரு குறிப்பும் கூடவே வருகிறது. இது தவறு.

அந்தத் தேரை தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். தவளையும் தேரையும் சில நாள் முதல் சில வாரத்துக்கு ஒருமுறை மேல்தோலின் மெல்லிய வெளியடுக்கைக் கழற்றும். அடியில் புதிய அடுக்கு தயாரானதும் இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான திரவம் சேர்ந்து பழையது தளரும். உடம்பை உப்ப வைத்து, காலால் தள்ளித் தள்ளி, அந்த ஈரச் சவ்வை வாய்க்குள் இழுத்து விழுங்கிவிடும். வீடியோவில் வாயோரம் தெரியும் வெள்ளைச் சவ்வு அதுதான். தோலில் ஒட்டிய கிருமிகளும் இதில் கொஞ்சம் குறையும்.

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் உண்மையில் உண்டு. அது மனிதருக்குத் தொற்றாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் இருந்து இயங்கும் 'ஆம்பிபியாவெப்' தளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்; ஈரத்தோல் வழியாக நீரை உறிஞ்சி, துடிக்கத் துடிக்கக் கொன்றுவிடும். தேரையைத் தொட நேர்ந்தால் கையைக் கழுவுங்கள், போதும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.