அந்த வசூல் கார்டை ஒரு கோர்ட்டு பார்த்துச்சு, இன்னொரு கோர்ட்டு பார்க்கவே இல்ல

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் இது. கொஞ்சம் நீளமா போகும், கடன் வாங்குனவங்க யாராச்சும் வீட்ல இருந்தா முழுசா படிங்க.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்காரு. 2017 மார்ச்ல பக்கத்துல ஒரு ஃபைனான்ஸ்காரர்கிட்ட 2 லட்சம் வாங்குனாரு, எல்லாரும் வாங்குற மாதிரிதான், கையெழுத்து மட்டும் போட்ட ரெண்டு பிளாங்க் செக்கு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து போட்ட புரோநோட்டு ஒண்ணு, அவ்ளோதான். வாரா வாரம் பையன் ஒருத்தன் வந்து வசூல் பண்ணிட்டு ஒரு மஞ்சக் கார்டுல தேதியும் தொகையும் எழுதி சின்னதா கையெழுத்து வச்சிட்டு போவான். அந்தக் கார்டுல 1,40,000 வரைக்கும் வரவு இருக்கு. 2019ல ஆர்டர் சுத்தமா நின்னு போச்சு, மாமா நாலஞ்சு மாசம் கட்டல, உடனே வட்டி, வட்டிக்கு வட்டின்னு கணக்கு போட்டு ஒரு செக்குல மூன்றரை லட்சம்னு நிரப்பி பேங்க்ல போட்டுட்டாங்க. பணம் இல்லன்னு ரிட்டர்ன் ஆச்சு.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபால்ல வருது. மாமா வாங்கல. "தபாலை வாங்கினாத்தானே கண்ணு கேஸு, வாங்காம விட்டா என்ன பண்ணிருவாங்க"ன்னு என்கிட்டயே சொன்னாரு, நானும் அப்ப சரின்னு தலையாட்டுனேன், எனக்கும் தெரியல. சரியான விலாசத்துக்கு அனுப்பின ரிஜிஸ்டர் தபாலை வாங்க மறுத்தா அது போய் சேர்ந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும். செக் ரிட்டர்ன் ஆச்சுன்னு பேங்க் சொன்ன 30 நாளுக்குள்ள அவங்க நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கெடச்சதுல இருந்து 15 நாள் நமக்கு டைம், அதுக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள அவங்க கோர்ட்டுக்கு போகலாம். அந்த 15 நாள்ல "நான் வாங்குனது இவ்ளோ, கட்டுனது இவ்ளோ, மீதி இவ்ளோதான்"னு ஒரு பதில் நோட்டீஸ் குடுத்திருந்தா அதுவே பின்னாடி பெரிய ஆதாரமா நின்னிருக்கும். நம்ம ஆளுங்க பாதிப் பேர் முதல் சறுக்கு சறுக்குறது இந்த 15 நாள்லதான்.

மாஜிஸ்திரேட் கோர்ட்ல கேஸ் நம்பர் ஆச்சு, வாய்தா வாய்தான்னு போச்சு, நடுவுல கொரோனா வேற. ஒருதடவை ஆஜர் ஆகாம விட்டதுக்கு பிடிவாரண்டு போட்டாங்க, வீடே அழுதுச்சு, வக்கீல் போய் ரீகால் பண்ணி எடுத்தாரு. மாமா எல்லார்கிட்டயும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "செக்குல எழுதினது நானே இல்ல, கடைசியில கையெழுத்து போட்டது மட்டும்தான் நான், நிரப்புனது அவங்க, அந்தச் செக்கு செல்லுமா, கேஸ் நிக்குமா?" நிக்கும். 2019ல சுப்ரீம் கோர்ட்டு பீர் சிங் கேஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, கையெழுத்து போட்ட வெறும் செக்கை நீங்களா மனசோட குடுத்திருந்தா, வேற யாரு நிரப்பினாலும் அது கடனுக்காக குடுத்ததுன்னுதான் கோர்ட்டு முதல்ல எடுத்துக்கும். கடன் இல்லன்னு காட்டவேண்டியது கையெழுத்து போட்டவரோட வேலை. மத்த கிரிமினல் கேஸ்ல பெரும்பாலும் அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், நாம வாயே திறக்காம நின்னாலும் சரி. செக் கேஸ்ல அப்படி கிடையாது. அதுக்காக நாம எல்லாத்தையும் அக்கு அக்கா நிரூபிக்கணும்னும் இல்ல, நம்ம பக்கம் நடந்திருக்க வாய்ப்பு இருக்குன்னு ஜட்ஜுக்கு தோணுற அளவுக்கு ஏதாவது காட்டுனா போதும், பாரம் திரும்ப அந்தப் பக்கம் போயிரும்.

எங்களுக்கு அந்த "ஏதாவது" மஞ்சக் கார்டுதான். அத்தை அதை பீரோவுல ரேஷன் கார்டோட சேர்த்து வச்சிருந்தாங்க, அந்த அம்மாவுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன்.

குறுக்கு விசாரணையை நான் கோர்ட்டு ஹால்ல பின் பெஞ்ச்ல உக்காந்து கேட்டேன். ஃபைனான்ஸ்காரர் சொன்னது மூன்றரை லட்சம் ஒரே தடவையா ரொக்கமா குடுத்தேன்னு. எங்க வக்கீல் சத்தமே போடல. மூன்றரை லட்சம் எங்கிருந்து எடுத்தீங்க, பேங்க்லயா? இல்ல, கையில இருந்துச்சு. வருமான வரி கணக்குல காட்டியிருக்கீங்களா? இல்ல. இந்தக் கார்டு உங்க ஆபீஸ் கார்டுதானே? ஆமா. மேல கடன் 2,00,000னு எழுதியிருக்கே? பதில் இல்ல. வரவு வச்ச கையெழுத்து உங்க வசூல் பையன்துதானே? ஆமா. அவ்ளோதான், ஒரு அரைமணி நேரம். சினிமால வர்ற மாதிரி யாரும் கத்தல, யாரும் மேஜையை தட்டல. 2022 டிசம்பர்ல விடுதலை ஆச்சு. அந்த வருஷம் அக்டோபர்லதான் சுப்ரீம் கோர்ட்டு ஒரு குஜராத் கேஸ்ல, செக் குடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா பணம் கட்டியிருந்தா அதை செக்குல வரவு வைக்காம முழுத் தொகைக்கு பேங்க்ல போட்டா 138, அதாவது செக் கேஸ் போடுற சட்டப் பிரிவு, செல்லாதுன்னு சொல்லியிருந்தாங்க, எங்க வக்கீல் அதையும் எடுத்து வச்சாரு. ஊருக்கு வந்து மாரியம்மன் கோயில்ல பொங்கல் வச்சோம்.

மூணு மாசம் கழிச்சு பட்டறை வாசல்ல கோர்ட்டு அமீனா வந்து நிக்கிறாரு. லேத் மெஷினை ஜப்தி பண்ண.

எங்களுக்கு ஒண்ணுமே புரியல. விடுதலை ஆர்டர் காப்பியை மாமா எடுத்து நீட்டுறாரு, அவரு பாவம் பொறுமையா சொல்றாரு, "ஐயா, அது கிரிமினல். இது சிவில், புரோநோட்டு கேஸு, 2021லயே டிகிரி ஆயிருச்சு"ன்னு. டிகிரின்னா பணம் கட்டணும்னு சிவில் கோர்ட்டு போடுற தீர்ப்பு உத்தரவு, அப்புறம்தான் தெரிஞ்சது. புரோநோட்டுக்கு 3 வருஷம்தான் காலாவதி, அது முடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி 2020 பிப்ரவரில அந்த 2 லட்சம் புரோநோட்டை வச்சு முன்சீப் கோர்ட்ல தனியா ஒரு வழக்கு போட்டிருக்காங்க. சம்மன் வந்திருக்கு. மாமா கையெழுத்து போட்டு வாங்கியும் இருக்காரு! செக் கேஸோட பேப்பர்தான் இதுவும்னு நெனச்சு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டாரு, வக்கீல்கிட்ட காட்டவே இல்ல. அங்க எங்க பக்கம் யாரும் ஆஜராகல, அதனால எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலையா தீர்ப்பு. வாதி ஒரு பிரமாண வாக்குமூலம் போட்டு புரோநோட்டை ஆவணமா குறிச்சாரு, எதிர்த்து ஒரு கேள்வி கேக்க ஆளில்ல, வட்டியோட டிகிரி.

ஒரே ஆளு, ஒரே கடன். ஒரு கோர்ட்ல மூன்றரை லட்சம் குடுத்தேன்னு சத்தியம், இன்னொரு கோர்ட்ல 2 லட்சம் குடுத்தேன்னு சத்தியம். ரெண்டு கோர்ட்டும் ஒரே காம்பவுண்டுதான், நடுவுல ஒரு வேப்பமரம். ஆனா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க யாருக்கும் வாய்ப்பே வரல. முன்சீப் ஜட்ஜ் மேல எனக்குக் கோபம் இல்ல, நெஜமாவே இல்ல. அவங்க முன்னாடி ஒரு கையெழுத்து இருந்துச்சு, எதிர்ப்பக்கம் காலி சேர் இருந்துச்சு. சிவில் கோர்ட்டு பாக்குறது எந்தப் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்குன்னுதான், நம்ம தட்டுல நாம ஒண்ணுமே வைக்கல. கோர்ட்டு நம்ம வீட்டு பீரோவை வந்து தேடாது. கிரிமினல்ல விடுதலை ஆனா சிவில் டிகிரி தானா ரத்தாகாது, அது தனி வழக்கு, தனியா போய் நின்னாத்தான் உண்டு.

எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து பண்ண மனு போட 30 நாள்தான். நாங்க போனது ரெண்டு வருஷம் கழிச்சு. தாமதத்தை மன்னிக்க தனியா ஒரு மனு, ஒவ்வொரு நாளைக்கும் காரணம் சொல்லணும், டிகிரி தொகையில பாதியை கோர்ட்ல கட்டணும்னு கண்டிஷன், அத்தையோட தாலிக்கொடி அடகுக்குப் போச்சு. மாமா ராத்திரியெல்லாம் ஜெயில்ல போட்டுருவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. கடனைக் கட்ட வசதி இல்லங்கிற ஒரே காரணத்துக்காக சிவில் டிகிரில ஒருத்தரை சிறையில அடைக்கக் கூடாதுன்னு 1980லயே ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியிருக்காரு, வசதி வச்சுக்கிட்டே ஏமாத்துறவங்களுக்குத்தான் அது. இதை வக்கீல் சொன்ன அன்னைக்குத்தான் அந்த மனுஷன் சரியா தூங்குனாரு. கடைசியில 2024ல லோக் அதாலத்ல பேசி முடிச்சோம், கோர்ட்ல கட்டுன பணத்தோட சரின்னு. அங்க முடிஞ்சா அப்பீல் கிடையாது, அதோட முடிஞ்சது.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். 2019 கடைசியில நாடு முழுக்க நிலுவையில இருந்த 2.31 கோடி கிரிமினல் கேஸ்ல 35.16 லட்சம் செக் கேஸ்னு சுப்ரீம் கோர்ட்டே ஒரு உத்தரவுல சொல்லியிருக்கு. 1989ல இந்தச் சட்டம் வந்தப்போ செக்குக்கு ஒரு மரியாதை வரணும், வியாபாரி நம்பி வாங்கணும்னுதான் கொண்டு வந்தாங்க, அது தேவைதான், சரக்கு அனுப்பிட்டு செக் ரிட்டர்ன் ஆகி நொந்து போன வியாபாரிகளும் எனக்குத் தெரியும். ஆனா நம்ம ஊர்ல கடன் குடுக்கும்போதே வாங்கி வைக்கிற பிளாங்க் செக்கும் அதே தராசுல நிக்குது. அதிக வட்டியைத் தடுக்க 2003லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு, இருந்தும் 2017ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே தீயில எரிஞ்சதைப் பார்த்தோம். தொழிலா வட்டிக்கு விடுறவரு செக் கேஸ் போட்டா, பணம் எப்படி குடுத்தாரு, எவ்ளோ திரும்ப வந்துச்சுன்னு முதல் நாளே கணக்கு தாக்கல் பண்ணணும்னு ஏன் வைக்கக் கூடாது? பணம் குடுக்குற சக்தி இருந்துச்சான்னு எதிர்ப்பக்கம் கேக்கலாம்னு கோர்ட்டே ஒத்துக்கிட்டிருக்கு, ஆனா அதைக் கேக்க நல்ல வக்கீல் வேணும், பீரோவுல கார்டு வேணும். எத்தனை வீட்ல இருக்கு?

இன்னொண்ணு, சம்மன்ல முதல் வரியா பெரிய எழுத்துல "இது தனி வழக்கு, நீங்க வரலைன்னா உங்களுக்கு எதிரா தீர்ப்பு ஆகும்"னு போட எவ்ளோ மை செலவாகும்? இப்பவும் அந்த அர்த்தம் அதுல எங்கயோ இருக்கு, எங்க மாமா மாதிரி எட்டாவது படிச்சவரு கண்ணுக்கு அது படல.

போன வாரம் எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்க அக்கா ஒரு ரிஜிஸ்டர் தபாலோட வந்துச்சு, "வாங்கிட்டேன் தம்பி, திருப்பி அனுப்பிரட்டுமா"ன்னு. பிரிச்சுப் பார்த்தா செக் நோட்டீஸ். பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் சட்ட உதவி இலவசம், அதனால நேரா தாலுகா கோர்ட்டு வளாகத்துல இருக்க சட்டப்பணிகள் குழு ஆபீசுக்கு கூட்டிட்டுப் போனேன். கட்டுன பணத்துக்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கான்னு கேட்டாங்க, போன்ல தேடி 23 எடுத்தோம். 11வது நாள் பதில் நோட்டீஸ் போயிருச்சு.