ராஃபிள்ஸின் முதுகைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தோம்?

சிங்கப்பூர் ஆற்றில் படகுச் சவாரி போய்வந்து இரண்டு நாள் ஆகிறது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எந்த நிறுவனத்தின் படகு என்று சொல்லப்போவதில்லை. ஆனால் கரையில் தெரிவதை விளக்குவதாகச் சொல்லி அதில் ஓடிய ஒலிப்பதிவைத் தயாரித்த புண்ணியவானை அதே பெஞ்சில் உட்காரவைத்து, நாள் முழுக்க அதையே கேட்கவைக்க வேண்டும்.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வயது எழுபத்தெட்டு. இந்த ஊரில் அவர் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய ஐயா (தாத்தா) மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய கட்டடத்தில், அடுத்தாளாக (முதலாளியின் ஏஜென்டுக்கு உதவியாளராக) இருந்தவர். அந்தக் கிட்டங்கிகள் இடிபட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆற்றங்கரையில் ஒரு வெண்கலச் செட்டியார் மட்டும் குட்டை மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறார். கூடவே இக்கால நிதித்துறை ஆட்கள். செர்ன் லியான் ஷான் செய்த சிற்பம். முட்டிவலிக்காரர் நடக்க வேண்டாமே என்றுதான் படகுக்கு டிக்கெட் எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளார்க் கீ படகுத்துறையில் ஏறியதிலிருந்து ஒலிப்பதிவு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். எல்கின் பாலத்தைத் தாண்டியதும், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் புராணம் ஆரம்பித்தது. 1819இல் அவர் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் வெள்ளைச் சிலை நிற்கிறது. மூலச் சிலை 1887இல் செய்த வெண்கலம். அது விக்டோரியா அரங்கத்தின் முன்னால் இருக்கிறது. இது 1972இல் வைத்த நகல். அதையாவது சொன்னார்களா? இல்லை. சிலையின் முகமோ கரையைப் பார்த்திருக்கிறது. படகில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது மனிதரின் முதுகு! (2019இல் இருநூறாம் ஆண்டை ஒட்டி, மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த நாராயண பிள்ளை உட்பட நால்வரின் சிலைகளை இவருக்குத் துணையாக நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே எடுத்தும்விட்டார்கள். அந்தக் கதைக்கும் ஒலிப்பதிவில் இடமில்லை.)

அந்த முதுகுக்குப் புகழ்மாலை சூட்டி முடிப்பதற்குள் செட்டியார் இடப்பக்கம் கடந்துபோய்விட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கிடையாது. ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்கள், சோங் ஃபா சியோங் 2000இல் செய்தது, தண்ணீரிலிருந்து பார்க்கவென்றே பிறந்த சிற்பம். அதற்கான அறிவிப்பு வந்தபோது காவனா பாலம் எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாலத்தின் இரும்பைப் பார்த்தோம்.

சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலைக்கு மட்டும் ராஜ மரியாதை. லிம் நாங் செங் செய்தது, 8.6 மீட்டர் உயரம், தண்ணீர் துப்புகிறது. பார்க்க அழகுதான், யார் இல்லை என்றார்கள்? படகு நின்றது. அத்தனை பேரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். யாரோ ஒருவரின் செல்ஃபி குச்சி அப்பச்சியின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

திரும்பும்போதாவது பார்க்கலாம் என்று காத்திருந்தோம். ஒலிப்பதிவுக்கு வேலை முடிந்துவிட்டதாம், பாட்டு போட்டுவிட்டார்கள். எழுந்து நின்றவர்கள் கரையை மறைத்துக்கொண்டு உட்காரவே இல்லை.

"செட்டியாரைத் தாண்டியாச்சா?" என்று அப்பச்சி கேட்டபோது கிளார்க் கீ வந்துவிட்டது.

கடைசியில் முட்டிவலியோடு கரையோரமாக நடந்தே போனோம். அதற்கு டிக்கெட் கிடையாது. அப்பச்சி அந்தக் குட்டை மேசைக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நான்கு படகுகள் போயின. எதிலும் ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.