சிவப்புக் கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நான் வார இறுதிகளில் கிளைடர் ஓட்டுகிறவன். எஞ்சின் இல்லாத விமானம். இங்கே இங்கிலாந்தில் எங்கள் கிளப்பில் குளிர்காலம் வந்தாலே ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிடும்: "கேனபி பூட்டுக்கெல்லாம் எதற்குக் கட்டாயப் பரிசோதனை? தினமும் நாம்தானே திறந்து மூடுகிறோம்!"

கேனபி என்பது விமானியின் தலைக்கு மேல் கவிழ்ந்திருக்கும் கண்ணாடி மூடி. தினமும் திறந்து மூடுகிறோம், சரி. ஆனால் நாம் தொடுவது வெள்ளைக் கைப்பிடியை. சிவப்பாக ஒன்று இருக்கிறதே, ஆபத்தில் மூடியையே கழற்றி வீசிவிட்டு பாராசூட்டோடு குதிப்பதற்கு, அதை? நான் பறக்கத் தொடங்கி ஏழு வருடம் கழித்துத்தான் முதன்முதலாக இழுத்தேன், அதுவும் பட்டறையில். அசையவில்லை. கிரீஸ் காய்ந்து இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்த பிறகுதான் நகர்ந்தது. முந்தைய ஞாயிறுதான் அதே கிளைடரில் இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வந்திருந்தேன்.

இந்தப் பூட்டின் சிக்கலே அதுதான். பறக்கும்போது திறக்கவே கூடாது. குதிக்க வேண்டுமென்றால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மூடியின் வளைவு மீது காற்று விரைந்து ஓடும்போது அதை மேலே உறிஞ்சும். பூட்டின் ஊசி துளைக்குள் பாதிதான் நுழைந்திருந்தால், வின்ச் (தரையில் நின்று கம்பிவடத்தால் கிளைடரை இழுத்து ஏற்றும் இயந்திரம்) இழுத்துக் கிளம்பிய சில நொடிகளில் மூடி எழும்பிவிடும். விமானியின் கை தானாக அதைப் பிடிக்கப் போகும். விமானத்தை ஓட்டுவது யார்? மூடி போனால் போகட்டும், முதலில் விமானத்தை ஓட்டு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஏஎஸ்கே 21 மாதிரி இரட்டை இருக்கை கிளைடரில் இன்னொரு வம்பு. தனியாகப் பறக்கும்போது பின்னிருக்கை காலி. அந்த இருக்கையின் தனி மூடி பின்பக்கம் கீல் வைத்தது, காற்று புகுந்தால் அப்படியே பின்னால் பிய்த்துக்கொண்டு போகும். முன்னால் பெல்ட் கட்டி உட்கார்ந்தவருக்குக் கையும் எட்டாது.

கழற்றி வீசுவதும் லேசான காரியமில்லை. மூடி சரியாக விலகாமல் விமானியின் தலையிலேயே மோதலாம். ஜெர்மனியின் ஆகென் நகரப் பேராசிரியர் வோல்ஃப் ரோகர் இதை ஆராய்ந்தார். மூடியின் பின்விளிம்பை ஒரு கொக்கி கணநேரம் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் முதலில் எழும்பும், பிறகு மொத்தமும் பறந்து போகும். ரோகர் கொக்கி என்றே அதற்குப் பெயர். கட்டைவிரல் அளவு சமாச்சாரம். அது வளைந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று காலையில் பனியில் நின்றுகொண்டு யார் பார்க்கிறார்கள்?

எதிர்ப்பவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. பரிசோதனைக்காகக் கழற்றும்போது மூடியின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) விரிசல் விட்டால் செலவு கொஞ்சநஞ்சமல்ல, சீசனும் போச்சு. அந்தப் பயத்தில்தான் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பரிசோதிக்காமலே இருக்கலாம். கையெழுத்தை நம்பி அடுத்தவர் ஏறி உட்கார்ந்துவிடுகிறாரே!

இந்தச் சனிக்கிழமை எங்கள் கேனபியைக் கழற்றுகிறோம். முன்பக்கம் பிடிக்க நான். பின்பக்கத்துக்கு, போன வருடம் அதிகமாக முணுமுணுத்தவரையே கூப்பிட்டிருக்கிறேன். டீ வாங்கித் தந்தால் வருகிறாராம்.