ஒரு ஸ்குரூ தின்ற ஞாயிற்றுக்கிழமை

சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், ஒரு ஸ்குரூ. அதனோடு நாலு மணி நேரம் மல்லுக்கட்டி, கை முழுக்கக் கரியோடும் முட்டியில் தோல் உரிந்தும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

"எஸ்யூவிக்கு முன் பிரேக் பேடு, ரோட்டர் எல்லாம் வீட்டிலேயே மாத்திடலாம், அரை மணி நேர வேலை" என்று வீடியோ போடுகிற மகராசன்களே, உங்கள் வண்டி எல்லாம் துருவே பிடிக்காதா? நான் பார்த்த வீடியோக்காரர் ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை, ஒற்றை விரலால் இழுக்கிறார், அது சமர்த்தாகக் கழன்று வந்து கையில் உட்காருகிறது. படம் பிடிப்பதற்கு முன்னால் நாலு தரம் கழற்றி மாட்டிப் பார்த்திருப்பார். என் வண்டி ஆறு வருடம் மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டி ஐயா!

தப்பு என் மேலும் உண்டு. பத்து நாளாகக் கிரீச் கிரீச் என்று கத்தியதைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினேன். ரோட்டரை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துவது பேடு. அது தேய்ந்தால் ரோட்டரில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அது கதறக் கதற ஓட்டியவன் நான். ரோட்டரை அளந்தால், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே போயிருந்தது. சரி, இரண்டையும் மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

முதல் சோதனை சக்கர நட்டு. போன தடவை டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். அளவு பார்த்து இறுக்குவதற்கு ஒரு டார்க் ரெஞ்ச் இருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது போல. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்த பிறகுதான் அசைந்தது. நல்லவேளை, ஜாக்கி போடுவதற்கு முன்பே தளர்த்தினேன். தூக்கிய வண்டியில் அப்படிக் குதித்திருந்தால் இன்று இதை எழுத ஆள் இருந்திருக்காது.

பேடுகளை ரோட்டரில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் கழன்றது. பிரேக் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டும் முனகிக்கொண்டே வந்துவிட்டது. அப்புறம்தான் நம்ம கதாநாயகன்.

ரோட்டரை ஹப்போடு (சக்கரமும் ரோட்டரும் மாட்டப்படும் நடுப்பகுதி) பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்டார் ஸ்குரூ. ஸ்குரூ டிரைவரை அழுத்தித் திருப்பினேன், வழுக்கியது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி காத்திருந்து மறுபடி திருப்பினேன். அந்தப் பிளஸ் குறி இருந்த இடம் வட்டக் குழியாகிவிட்டது. சுத்தியலால் தட்டினேன், திட்டினேன், கெஞ்சினேன். அது அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசியில் டிரில்லை எடுத்துத் தலையையே துளைத்து எறிந்தேன்.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்ன தெரியுமா? வண்டி ஓடும்போது அந்த ஸ்குரூவுக்கு வேலையே கிடையாது. சக்கர நட்டுகளை இறுக்கியதும் அவைதான் ரோட்டரை அழுத்திப் பிடிக்கின்றன. தொழிற்சாலையில் சக்கரம் மாட்டும் வரைக்கும் ரோட்டர் நழுவாமல் இருக்க ஒரு முட்டு, அவ்வளவுதான். அங்கே சில நிமிட சௌகரியம், இங்கே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஸ்குரூ போனாலும் ரோட்டர் வரவில்லை. துருவில் ஹப்போடு ஒட்டிக்கிடந்தது. அதன் முகப்பில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றில் 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டங் என்று விட்டுக்கொடுக்கிறது. அதாவது இது ஒட்டும் என்று செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்! தெரிந்துதான் தள்ளுவதற்குத் துளை போட்டிருக்கிறார்கள். அந்த வீடியோ மகராசன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்காவிட்டால் புது ரோட்டர் கோணலாக உட்கார்ந்து, பிரேக் பிடிக்கும்போது பெடல் துடிக்கும் என்பதையும் சொல்லவில்லை. புது ரோட்டரில் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவவேண்டும் என்பதையாவது போகிற போக்கில் சொன்னார், புண்ணியம்.

புதுப் பேடுக்கு இடம் விட, காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் வழிந்து ஃபெண்டரில் கொட்டியது. அது பெயின்டைத் தின்னும். பாதி வேலையில் எழுந்து ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இது முழுக்க என் முட்டாள்தனம், யாரையும் குறை சொல்லவில்லை.

ஒரு பக்கம் முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, டிரில்லைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரை எடுத்துப் பார்த்தால் அங்கே ஸ்குரூவே இல்லை. வெறும் துளை. அதன் ஓரத்தில் டிரில் கீறிய தழும்பு. எனக்கு முன்னால் எவனோ ஒரு மெக்கானிக் இதே மாதிரி குந்தி, இதே மாதிரி திட்டி, பிய்த்து எறிந்திருக்கிறான். நானும் திரும்பப் போடவில்லை.