பழைய நிக்கல் சார்ஜரில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ஏற்றலாமா?

“நிக்கல் பேட்டரியின் 7.2 வோல்ட்டும் லிப்போவின் 7.4 வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், நிக்கல் சார்ஜரே லிப்போவுக்கும் போதும்” என்று டர்பனில் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் ஓட்டும் நம்மவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

நிக்கல் பேட்டரி பேக் நிறைந்ததும் வோல்ட்டேஜ் லேசாகக் கீழே இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலான நிக்கல் சார்ஜர்கள் நிற்கும். லிப்போவில் அந்த இறக்கமே வராது, அதனால் பேக்கில் உள்ள ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டியும் சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும், பேக் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும்.

லிப்போ மோடும் பேலன்ஸ் வசதியும் (எல்லா செல்களையும் சமமாக ஏற்றுவது) உள்ள சார்ஜர் வாங்குங்கள். 5000 எம்ஏஎச் பேக்குக்கு 5 ஆம்பியர் போதும். அப்புறம், லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக்குப் பயந்து வாரக்கணக்கில் முழுச் சார்ஜில் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.