ஹோக்வெய்க் 'போலிக் கிராமம்' இல்லை

"நெதர்லாந்தில் ஒரு கிராமமே நாடக மேடை, கடைக்காரர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் நடிகர்கள், அங்கே இருக்கும் மறதிநோயாளிகளுக்கு எதுவுமே தெரியாது, அவர்களைக் கேட்டும் பயனில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அது வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் திறந்த ஹோக்வெய்க். அரசுக் காப்பீட்டு நிதியில் நடக்கும் பராமரிப்பு இல்லம்தான். வீட்டுக்கு ஆறேழு பேர். அங்குள்ள கடையில் வாங்கும் காய் உண்மையான காய், அது வீட்டுக்குப் போய்ச் சமையலாகிறது. உணவகத்துக்கு வெளியாட்களும் சாப்பிட வருகிறார்கள். பணியாளர்கள் சீருடை போடாமல் சாதாரண உடையில் இருப்பதைத்தான் வேஷம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மரியாதையாக வாழவைக்கும் ஒரு முயற்சியை ஏமாற்று வேலை என்பது எனக்குக் கோபம் தருகிறது.

சரி, மறதிநோய் உள்ளவர்களைக் கேட்டுப் பயனில்லையா? ஸ்காட்லாந்தில் 2002-லேயே மறதிநோய் உள்ளவர்களே சேர்ந்து தங்களுக்காகப் பேச ஒரு குழு தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் கேட் ஸ்வாஃபர் 49 வயதில் நோய் உறுதியானவர், 2014-இல் மறதிநோய் உள்ளவர்களுக்கான உலக அமைப்பான டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனலைத் தொடங்கியவர்களில் ஒருவர். மறதிநோய் உள்ளவருக்கு வாசலில் போட்ட கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியலாம், பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியலாம், வெள்ளைச் சுவரோரம் வெள்ளைக் கழிவறைப் பீடம் கண்ணுக்கே படாமல் போகலாம். இதையெல்லாம் அனுபவிக்கிறவர்தானே சொல்ல முடியும்? நோய் முற்றிப் பேச்சு குறைந்தாலும், அவர் எங்கே தயங்கி நிற்கிறார், எந்த நாற்காலியைத் தேடிப் போகிறார் என்று பார்த்து, இல்லத்தை வடிவமைப்பவர் கற்றுக்கொள்ளலாம்.