அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பூங்காவின் டென்னிஸ் களத்தில் நடந்ததை நம் குழுவில் இருப்பவர்கள் அறிவீர்கள். நான் பகிர்ந்த படத்தையும் அதன் கீழே வந்த பின்னூட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: காசு வாங்கிப் பாடம் நடத்தும் பயிற்சியாளர் ஒருவர், என் மகளின் முறை வந்தபோதும் களம் தம் மாணவருக்கே என்றார், நான் குரலை உயர்த்திக் கேட்டேன். ஆனால் "பாவம் அந்த மனிதர், அவர் வயிற்றில் அடிக்காதீர்கள் அக்கா" என்று எழுதியவர்களுக்கும், "இத்தனை வருடம் நியூயார்க்கில் இருந்தும் குழாயடிச் சண்டைக் குணம் போகவில்லையே" என்று எழுதிய ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த ஒருவர் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர் என்பதால் வலி கொஞ்சம் அதிகம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு பயிற்சியாளர் தம் திறமையை விற்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பொதுக் களத்தின் ஞாயிறு காலை எட்டு மணியை அவர் விற்க முடியாது, ஏனென்றால் அது அவருடையது இல்லை.

இங்குள்ள நடைமுறை ஊரில் இருந்து படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான பருவத்தில் நியூயார்க் நகரப் பூங்காக்களின் டென்னிஸ் களங்களில் ஆடுவதற்கு அனுமதி அட்டை வேண்டும். பெரியவர்களுக்குப் பருவம் முழுவதற்கும் 100 டாலர், 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 20 டாலர், 18 வயது நிரம்பாதவர்களுக்கு 10 டாலர். அட்டை எடுக்காதவர்கள் ஒரு தடவை ஆட 15 டாலர் கட்டலாம். தனியார் உள்ளரங்குகளில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. டாக்ஸி ஓட்டுபவரும், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் செவிலியரும், எழுபது வயதுச் சீனத் தாத்தாவும், என் மகளும் ஒரே களத்தில் ஆட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த விலைதான். எங்கள் பூங்காவில் காலையில் வந்து வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதினால், முறைப்படி ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்தத் தாள்தான் இங்கே எல்லாம்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. எனக்கு முன்னால் தாளில் மூன்றாம் எண் களத்துக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று நான்கு மணிக்கும் நான்கு வெவ்வேறு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நான்கும் ஒரே பச்சை மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி வலப்பக்கம் சாய்ந்து இருந்தன. அந்த நால்வரில் ஒருவர்கூட அப்போது அங்கே இல்லை. இருந்தவர் பயிற்சியாளர் மட்டுமே. பல்பொருள் அங்காடியில் சாமான் தள்ளும் பெரிய வண்டி ஒன்று நிறைய மஞ்சள் பந்துகளை நிரப்பிக்கொண்டு, கம்பி வேலியில் தண்ணீர்ப் பையை மாட்டிக்கொண்டு, தம் வீட்டு முற்றத்தில் நிற்பதைப் போல நின்றுகொண்டிருந்தார்.

எட்டு மணிக்குப் பெயர் எழுதியவர் எட்டு பத்து ஆகியும் வரவில்லை. பத்து நிமிடம் தாண்டினால் அடுத்தவர் ஆடலாம் என்பது எங்கள் களத்தில் எல்லோரும் மதிக்கும் வழக்கம். காத்திருந்தவர்களில் அடுத்த பெயர் என் மகளுடையது. நாங்கள் உள்ளே போனோம். "இது என் மாணவரின் நேரம், அவர் வந்துகொண்டிருக்கிறார், அவர் எனக்குப் பணம் கட்டியிருக்கிறார்" என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் தம் நியாயமாகச் சொன்னார் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. பணம் கட்டியவர் உங்களுக்குத்தானே கட்டினார், களத்துக்கு நாங்களும் கட்டியிருக்கிறோமே என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன், மறுக்கவில்லை. என் மகள் உறையைக் கழற்றாத ராக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களை வேலிக் கம்பிக்குள் நுழைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பொது இடத்தில் சத்தம் போடுவது அவளுக்குப் பெரிய அவமானம். எட்டு இருபதுக்கு அந்த மாணவர் வந்தார், பாடம் தொடங்கியது, நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் இருந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் ஒருத்தியாக அத்தனை கூட்டத்தின் அட்டைகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்தானே, பிழைத்துப்போகட்டுமே" என்கிறீர்கள். பிழைக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரத் தனிப்பாடத்துக்கு 80 டாலருக்குக் குறைந்து யாரும் வாங்குவதில்லை என்பதை அறிந்தே சொல்கிறேன், நன்றாகப் பிழைக்கட்டும். ஆனால் இந்த நகரத்தில் தெருவோரத்தில் மாம்பழம் நறுக்கி விற்கும் பெண்ணுக்குக்கூட உரிமம் கேட்கிறார்கள். நகரப் பூங்கா விதிகளின்படி, அனுமதி பெறாமல் பூங்காவுக்குள் எந்தச் சேவையையும் காசுக்கு விற்கக் கூடாது. அதே விதிகளுக்குள் அனுமதி பெற்று, ஒப்பந்தம் போட்டு, நகரத்துக்குக் கட்டணம் செலுத்திப் பாடம் நடத்தும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். முறையாக நடப்பவர் கட்டணம் கட்டுவார், முறையின்றி நடப்பவர் நம் பரிதாபத்தில் நடப்பார் என்றால், அந்த முறையான மனிதரின் வயிற்றைப் பற்றி ஏன் ஒருவரும் பின்னூட்டம் போடவில்லை?

"மதியம் ஒரு மணிக்குக் களம் காலியாகக் கிடக்கும்போது சொல்லிக்கொடுத்தால் உனக்கென்ன நட்டம்?" ஒரு நட்டமும் இல்லை. அதை நான் எதிர்க்கவே இல்லை.

"நீயே உன் மகளுக்குப் பணம் கொடுத்துப் பாடம் வைத்தாய் அல்லவா?" இதைக் கேட்டவர் என்னை மடக்கிவிட்டதாக நினைக்கிறார். ஆம், வைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆறு பாடங்கள், இதே பூங்காவில், வேறொரு பயிற்சியாளரிடம். அப்போது எனக்கு விதி தெரியாது; நாங்கள் உள்ளே ஆடியபோது வெளியே யார் காத்திருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மூன்றாவது பாடத்தில் ஒரு முதியவர் வேலி ஓரமாக நின்று மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று அவர் நின்ற இடத்தில்தான் இந்த ஞாயிறு நான் நின்றேன். தவறு செய்தவள் பேசக் கூடாது என்றால் இந்தப் பூங்காவில் பேசுவதற்கு ஒருவரும் மிஞ்ச மாட்டோம். தவிர, நான் பணம் கொடுத்தது அவர் பேக்ஹேண்ட் என்னும் புறங்கை அடியைக் கற்றுக்கொடுத்ததற்கு. களத்துக்கு விலை பேசி நான் கொடுக்கவில்லை. ஆனால் அவரிடம் களம் இருந்ததால்தான் அவரிடம் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது அதுதான். எந்தப் பயிற்சியாளரிடம் ஞாயிறு காலை இருக்கிறதோ அவரிடம் மாணவர் சேர்கிறார்கள். மாணவர் சேரச் சேர எழுதுவதற்குப் பெயர்கள் கூடுகின்றன. பெயர்கள் கூடக் கூட ஞாயிறு காலை முழுவதும் அவருடையதாகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு களத்தில் அதிகபட்சம் நான்கு பேர் ஆடலாம். நான்கு மணி நேரத்தில் பதினாறு பேர். அன்று மூன்றாம் எண் களத்தில் நான்கு மணி நேரத்தில் ஆடியவர்கள் நான்கு பேரும் ஓர் ஆசிரியரும். மீதிப் பன்னிரண்டு பேர் எங்கே போவார்கள்? பணம் இருந்தால் தனியார் கிளப்புக்குப் போவார்கள். இல்லாவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள்.

நான் எதுவும் தீர்வு சொல்லாமல் புலம்புகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தனிப்பாடத்தை அடியோடு தடுக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. விதியில் தடை, களத்தில் தாராளம் என்ற இன்றைய நிலைதான் எல்லாவற்றையும்விட மோசம்; அதில் குரல் உயர்ந்தவருக்கே களம். பாடத்துக்கென்று ஒரு களத்தை ஒதுக்குங்கள், வார நாள்களில் பகல் முழுவதும் கொடுங்கள், சனி ஞாயிறு காலையில் மட்டும் கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுக்கிறவர் பெயரையும் நேரத்தையும் வாசலில் ஒட்டுங்கள். அவர் மணிக்கு இவ்வளவு என்று பூங்காவுக்குக் கட்டட்டும், காப்பீடு எடுக்கட்டும், குழந்தைகளோடு பழகுகிறவர் என்பதால் பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்படட்டும். மாணவர் பெயரில் ஆசிரியர் எழுதுவதைத் தடுக்க, ஆடப்போகிறவர் தம் அட்டையைத் தாமே காட்டித்தான் எழுத வேண்டும் என்று வைத்தால் போதும். பச்சை மைக்கு வேலை இருக்காது. அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன்: பொதுக் களத்தில் சம்பாதிக்க அனுமதி பெறுகிறவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பேட்டைக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

இது கனவு என்று சிரிக்காதீர்கள். 7-ஆம் எண் ரயிலில் ஏறினால் அமெரிக்க ஓப்பன் நடக்கும் பெரிய வளாகத்தில் போய் இறங்கலாம். அது நிற்பதும் நகரத்துப் பூங்கா நிலம்தான். அந்த வளாகத்துக்கு 2006-இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் பெயரை வைத்தார்கள். தீயணைப்பு வீரரின் மகளான அவர், கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத்தில், நகரமே சம்பளம் கொடுத்து அமர்த்திய கிளைட் வாக்கர் என்ற பயிற்சியாளரிடம் பொதுப் பூங்காவில் இலவசமாகக் கற்றவர். வாக்கர் நாளுக்கொரு பூங்காவில் வகுப்பு எடுப்பார், அந்தச் சிறுமி அவர் பின்னாலேயே பூங்கா பூங்காவாகப் போவாளாம். அதே வளாகத்தின் பெரிய அரங்கத்துக்குக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் பெயர். அவர் வளர்ந்தது வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட பூங்காவில். அவருடைய தந்தை அதன் பராமரிப்பாளர். வெள்ளையர்களின் பூங்காக் களத்தில் அந்தச் சிறுவன் கால் வைக்க முடியாது. கைக்கெட்டிய களத்தில், ரான் சாரிட்டி என்ற கல்லூரி மாணவர் அவனுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1968-இல் அமெரிக்க ஓப்பனையும் 1975-இல் விம்பிள்டனையும் வென்ற மனிதரின் தொடக்கம் அது. இவ்விரு பெயர்களையும் தாங்கி நிற்கும் வளாகத்துக்குச் சில மைல் தொலைவில்தான், பாடத்துக்குப் பணம் கட்டியவருக்கே களம் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்லப்பட்டது.

எனக்குப் பழக்கப்பட்ட ஆட்டம் டென்னிஸ் இல்லை, பூப்பந்து. கும்பகோணத்தில் எங்கள் தெருக் கோடியில் இருந்த திடலில், மின்வாரியத்தில் எழுத்தராக இருந்த ஓர் அண்ணன் காலை ஆறு மணிக்கு வலை கட்டுவார். மஞ்சள் கம்பளிப் பந்து பனியில் நனைந்து கனத்துப்போகும். அதை வேட்டி முனையில் துடைத்துக் கொடுப்பார். பெண்பிள்ளைகளுக்கு என்ன ஆட்டம் என்று கேட்ட தெருவில், என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஆட வைத்தவர் அவர். ஒரு பைசா வாங்கியதில்லை. அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, இந்தப் பயிற்சியாளருக்கு இல்லை என்று சொல்வீர்கள். சரிதான், அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் அவர் ஒருநாளும் அந்தத் திடலைத் தம்முடையது என்று நினைத்ததில்லை. ஏழு மணிக்குப் பையன்கள் கிரிக்கெட் ஆட வந்தால் எங்கள் ஆட்டம் பாதியில் இருந்தாலும் வலையை அவிழ்த்துவிடுவார்.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டபோது நம் குழுவில் எத்தனை பதிவுகள் வந்தன! ஏழைப் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள் என்று எவ்வளவு கொதித்தோம். எதிர்ப்புக்குப் பணிந்து சில நாள்களிலேயே மாநகராட்சி அதைக் கைவிட்டபோது எவ்வளவு மகிழ்ந்தோம். அன்று அப்படி எழுதியவர்களில் மூவர்தான் இந்த ஞாயிறு "விட்டுத்தள்ளுங்கள் அக்கா, சின்ன விஷயம்" என்று எழுதினீர்கள். மாநகராட்சி கேட்ட 120 ரூபாய் அநீதி, தனி ஒருவர் நம் கண்ணெதிரில் களத்தைக் கூறுபோட்டு விற்பது சின்ன விஷயமா? சென்னைத் திடலுக்காகக் கொதித்த மனம், உங்களில் பலர் தூக்கி வளர்த்த பெண் வேலிக்கு வெளியே நிற்கும்போது ஏன் கொதிக்கவில்லை? இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நான் குரலை உயர்த்தியதைப் பற்றி எழுத இத்தனை பேர் இருந்தீர்கள். அவள் முகத்தைப் பற்றி எழுத ஒருவர்கூட இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பு பூங்காவின் மறுகோடியில், கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடுவதற்காக இருக்கும் ஹேண்ட்பால் சுவருக்குப் போனோம். அங்கே அரை மணி நேரம் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். பந்து சுவரில் பட்டு எங்கு திரும்பும் என்று தெரியாத அளவுக்கு அந்தச் சிமெண்டில் விரிசல்கள். "அடுத்த வாரம் இங்கேயே வந்துடலாமா அம்மா" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் உள்ளூர் விஷயங்களில் நகரத்துக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் வட்டாரச் சமூகக் குழுவின் கூட்டம் இருக்கிறது. அங்கே பேசுவதற்கு இரண்டு நிமிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மேலே சொன்ன ஏற்பாடுகளை ஒரு பக்க மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் அந்தப் பயிற்சியாளரின் பெயர் இல்லை, இருக்கவும் இருக்காது. கையெழுத்திட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். இந்த ஞாயிறும் ஆறு நாற்பதுக்கு அந்தத் தாளின் முன்னால் நிற்பேன். அவள் வருகிறாளா என்று சனிக்கிழமை இரவு கேட்க வேண்டும்.